அந்த வழக்கை மட்டக்களப்பிலேயே கேட்க வேண்டும்

எங்கள் பக்கத்து வளவில் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம், பிள்ளைக்காக. பிறந்தது ஐரோப்பாவில், இங்கே வந்து ஒன்பது மாதம்தான். அவளுடைய பள்ளிக்கூடப் பையில் அந்த நாட்டு எழுத்தில் பெயர் தைத்திருக்கிறது. கோழிக்குத் தவிடு போடும்போது தமிழில் கதைப்பாள், கோபம் வந்தால் மட்டும் அந்தப் பாஷை வரும். தாய் ஏன் ஓடி வந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முறிந்து சரியாகப் பொருந்தாத அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தகப்பன் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அம்மம்மா ஒன்றுதான் கேட்டார்: "பெத்த தாய் புள்ளயக் கூட்டிட்டு வந்தா அதுவும் கடத்தலா மனே?"

சட்டப்படி ஆகலாம். நாடு விட்டு நாடு பிள்ளைகளைக் கடத்துவது பற்றி நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம், இருக்கிறது. அதில் இலங்கை 2001இல் சேர்ந்தது, அதற்கென்றே அந்த ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து, பராமரிப்பு உரிமையுள்ள மற்றவரின் சம்மதமில்லாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை இந்த வழக்கு தீர்மானிக்காது, அதை எந்த நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கும். இந்தச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்முனையில் எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன், மகனை மனைவி வளைகுடா நாடொன்றுக்குக் கொண்டுபோன பிறகு பிள்ளையின் குரலைக்கூடக் கேட்கவில்லை. அந்த நாடு சமவாயத்தில் இல்லை, அதனால் இந்த வழியில் விண்ணப்பம் போட அவருக்கு இடமில்லை. இந்தியாவும் இன்னும் சேரவில்லை.

ஆனால் இப்படிப் பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு தாய்மார் என்று இந்தச் சமவாயத்துக்குப் பொறுப்பான ஹேக் மாநாடு என்ற அமைப்பின் ஆய்வே சொல்கிறது. அடி தாங்காமல் வந்தவள் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரையைப் பிடித்துத்தான் வாதாட வேண்டும், திரும்பிப் போனால் பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும். தாய்க்கு விழுந்த அடி அந்த வாசகத்தில் வரவேயில்லை. அடுத்த அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த பிள்ளைக்கு ஆபத்து இல்லையா? அவுஸ்திரேலியா 2022இல் குடும்ப வன்முறையைக் கணக்கில் எடுக்கலாம் என்று தன் விதிகளில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. நம்முடைய சட்டத்திலும் அதை எழுத வேண்டும்.

அப்புறம் இந்தக் கொழும்பு விவகாரம். இந்த வழக்கைக் கேட்கும் அதிகாரம் மேல் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். அனுபவமுள்ள நீதிபதி, விரைவான தீர்ப்பு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள், சரி, அதில் நியாயம் உண்டு, ஆறு வாரத்தில் முடிவு வரவேண்டும் என்றுதான் சமவாயமும் எதிர்பார்க்கிறது. அதே ஆறு வாரத்துக்குள்தான் அந்தத் தாய் வேறொரு நாட்டு ஆஸ்பத்திரி அறிக்கையையும் பொலிஸ் முறைப்பாட்டையும் எடுத்து, மொழிபெயர்த்து, முந்நூறு கிலோமீற்றர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். கிழக்கு மாகாண மேல் நீதிமன்றம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. ஒரு நீதிபதிக்குப் பயிற்சி கொடுத்து அந்த அதிகாரத்தை இங்கேயும் தரலாம். அதுவரைக்கும் இங்கிருந்தே காணொளியில் சாட்சி சொல்லவாவது விடலாம், தமிழில்.

வழக்கின் அடுத்த தவணைக்குக் கொழும்பு போக இரவு பஸ்ஸில் நான்கு சீற் போட்டிருக்கிறோம். பிள்ளைக்கு பஸ்ஸில் சத்தி வரும், அம்மம்மா இப்போதே தேசிக்காய் பறித்து வைத்திருக்கிறார். மட்டக்களப்பு, அம்பாறைச் சட்டத்தரணிகள் யாராவது இந்த வகை வழக்கு பார்த்திருந்தால் தயவுசெய்து இன்பொக்ஸில் எழுதுங்கள், இன்றைக்கே எழுதுங்கள்.