இன்னும் கொஞ்சம் பின்னாடி

(ஏற்காட்டில் மேட்டின் மேல் ஒரு பழைய மாதா கோயில். சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து வந்த கல்யாண போட்டோகிராபர் கேமராவும் கையுமாக நிற்கிறார். படியில் உட்கார்ந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார் கோயில்பிள்ளை.)

போட்டோகிராபர்: ஏனுங்க, இந்தப் பனி எப்பங்க விலகும்?

கோயில்பிள்ளை: எந்தப் பனி?

போட்டோகிராபர்: வெள்ளை வெளேர்னு இருக்குதுங்களே, ஒண்ணுமே தெரியல!

கோயில்பிள்ளை: வெயில் சுள்ளுனு அடிக்குது தம்பி. என் வழுக்கையைத் தொட்டுப் பாரு. கார்ல ஏசி போட்டுக்கிட்டு வந்தியா?

போட்டோகிராபர்: பின்னே? இருபது கொண்டை ஊசி வளைவும் ஏசியிலதாங்க.

கோயில்பிள்ளை: சில்லுனு இருக்கிற லென்ஸ்ல ஈரக்காத்து பட்டா வேர்க்காதா? கேமராவை இறக்கிட்டுப் பாரு.

(பார்க்கிறார். கோயில் பளிச்சென்று நிற்கிறது.)

போட்டோகிராபர்: அடேங்கப்பா! (சட்டையால் துடைக்கப் போகிறார்.)

கோயில்பிள்ளை: துடைக்காத, கீறல் விழும். சூடு ஏறட்டும், தானா தெளியும்.

போட்டோகிராபர்: அதுவரைக்கும் இடம் பார்க்கிறேன்... இந்த மரம் மறைக்குதுங்களே.

கோயில்பிள்ளை: சில்வர் ஓக். எஸ்டேட்காரங்களது. காபிக்கு நிழல், மிளகுக் கொடிக்குப் பிடிமானம்.

போட்டோகிராபர்: காபி இங்கதான் இருக்கணுமா?

கோயில்பிள்ளை: 1820-கள்ல கலெக்டர் காக்பர்ன் கொண்டாந்து வச்சதுங்கறாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.

போட்டோகிராபர்: உச்சியில ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குது. சரி, எடிட்டிங்ல எடுத்துடலாம்.

கோயில்பிள்ளை: அது இடிதாங்கி. அதை எடுத்துட்டு ஃபாதர்கிட்ட காட்டாத, ராத்திரி தூங்க மாட்டாரு.

(லென்ஸ் தெளிவதற்கும் பள்ளத்திலிருந்து நிஜமான பனி ஏறுவதற்கும் சரியாக இருக்கிறது. க்ளிக்.)

போட்டோகிராபர்: வெள்ளைச் சுவரு, வெள்ளைப் பனி. படம் மட்டும் புகை பிடிச்ச அடுப்பங்கரை மாதிரி வருதுங்க!

கோயில்பிள்ளை: வெள்ளையைப் பார்த்தா வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சுக் கேமரா இருட்டாக்கிடும். எக்ஸ்போஷரை பிளஸ் ஒண்ணுல வை.

போட்டோகிராபர்: இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க?

கோயில்பிள்ளை: வர்ற போட்டோக்காரன் எல்லாம் இதே இடத்துல நின்னுதான் அசிஸ்டெண்டைத் திட்டுறான். கேட்டுக் கேட்டே பாடமாயிடுச்சு.

போட்டோகிராபர்: ஆமாங்க, இப்ப நல்லா வருது! ஆனா கோபுரம் மல்லாக்கச் சாயுதே?

கோயில்பிள்ளை: அடியில நின்னு அண்ணாந்து பிடிச்சா சாயத்தான் செய்யும். கேமராவை நேரா பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போ.

போட்டோகிராபர்: போதுங்களா?

கோயில்பிள்ளை: இன்னும் கொஞ்சம்.

போட்டோகிராபர்: இப்ப?

கோயில்பிள்ளை: இன்னும் நாலடி. கீழ படி இருக்கு, பார்த்து. ஆங்! கோபுரம் எப்படி?

போட்டோகிராபர்: தூக்கு குண்டு விட்ட மாதிரி நிக்குதுங்க! ...ஐயா, என்னங்க கேட்டைப் பூட்டறீங்க?

கோயில்பிள்ளை: மதியம் கோயில் அடைப்பு. உள்ள இருந்தா நீ கெளம்ப மாட்ட.

போட்டோகிராபர்: கேட்டுக் கம்பியெல்லாம் படத்துல விழுதுங்களே!

கோயில்பிள்ளை: எடிட்டிங்ல எடுத்துடு.