சட்டத்தைப் படிக்கவும் காசா?
கட்டடமும் பொருள்களும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள்தான் தரநிலைகள். சட்டமாகிவிட்ட தரநிலைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க விட வேண்டும் என்ற கோரிக்கை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். "தரநிலைகளை இலவசமாக்கினால் அவற்றை எழுத யார் பணம் தருவார்கள்?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடந்து பார்த்த கதை. டெக்சாஸில் அன்னா, சவாய் என்ற சிற்றூர்கள் ஒரு தனியார் அமைப்பு எழுதிய கட்டட விதித்தொகுப்பை அப்படியே சட்டமாக்கிக்கொண்டன. பீட்டர் வீக் என்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கித் தன் இணையதளத்தில் போட்டார். உடனே பதிப்புரிமைச் சண்டை. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வீக் பக்கம் நின்றது: சட்டமாகிவிட்ட விதி பொதுச்சொத்து. அதற்காக விதி எழுதுவது நின்றதா? அந்த அமைப்பு பின்னர் இணைந்த இன்டர்நேஷனல் கோட் கவுன்சில், மூன்று வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. இங்கே ஐஎஸ்ஐ முத்திரைக்கு உற்பத்தியாளர், தரநிலைகளை வெளியிடும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸுக்குக் கட்டணம் கட்டுகிறார். இந்தியத் தரநிலைகளை நாம் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முத்திரையால் வியாபாரம் பார்ப்பவர் கட்டுவது நியாயம்தான். ஆனால் மொத்தச் செலவையும் கம்பெனிகளிடம் விட்டால் விதியும் அவர்கள் பக்கம் சாயும் (சாயாது என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள்). அதனால் சட்டமாக்கும் அரசும் ஒரு பங்கு போட வேண்டும். அந்த டெக்சாஸ் ஊர்கள் ஓசியில்தான் எடுத்துக்கொண்டன. பில் மட்டும் படிக்க வந்தவருக்குப் போனது.