வலிக்கிறது என்றால் நம்புங்கள், டாக்டர்

பிரசவ வலியில் கத்திய ஒரு பெண்ணைக் கேலி செய்து மருத்துவர் ஒருவர் எழுதிய பதிவுதான் சில நாட்களாக எல்லோருடைய முகநூல் சுவரிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே எடுத்துப் போட எனக்கு விருப்பமில்லை; படித்தவர்களுக்குத் தெரியும். பிரசவ அறையில் அந்தப் பெண் போட்ட கூச்சலை நடித்துக் காட்டாத குறையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. "டாக்டருக்கும் நகைச்சுவை உணர்வு இருக்கக் கூடாதா?" என்று ஒருவர் உள்பெட்டிக்கே வந்து கேட்டார். தாராளமாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: அவள் சொல்லும் அளவுக்கு அவளுக்கு வலித்திருக்காது. அந்த அனுமானத்தை எடுத்துவிட்டால் அந்தப் பதிவில் சிரிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒரு பெண் வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். நம்பிவிட்டுச் சோதியுங்கள், ஸ்கேன் எடுங்கள், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். சோதிப்பதற்கு முன்பே முகத்தில் அந்தச் சலிப்பைக் கொண்டுவராதீர்கள்.

என் தங்கைக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே மாதவிடாய் நாட்களில் தாங்க முடியாத வலி. வாந்தி எடுத்துவிட்டு, சில்லென்று இருக்கிறது என்று குளியலறைத் தரையிலேயே சுருண்டு படுத்துக்கொள்வாள். அம்மா அழைத்துப் போன முதல் டாக்டரம்மா, மருந்துச் சீட்டிலிருந்து நிமிர்ந்தே பார்க்காமல், "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். கல்யாணம் ஆயிற்று, சரியாகவில்லை. அடுத்தவர், "ஒரு குழந்தை பிறந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். குழந்தை உண்டாகவில்லை என்றுதான் அவரிடமே போயிருந்தோம்! பல வருடங்கள் கழித்து லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தபோது, எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி', குடல்வரை ஒட்டிப் போயிருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு மருந்து உண்டா, குழந்தை பிறக்குமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "அப்ப நான் நடிக்கலைதானேக்கா?" என்றுதான் கேட்டாள்.

இது ஏதோ அபூர்வமான நோய் அல்ல. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு நம் ஊரில் கல்யாணத்தை மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

உடனே மருத்துவமனைகளில் இருக்கும் கூட்டத்தைப் பற்றிப் பேச வருவீர்கள் என்று தெரியும். ஒரு நர்ஸ் ஒரே இரவில் எத்தனை பிரசவம் பார்க்கிறார், தூங்காமல் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், மறுக்கவில்லை. கூட்டமே இல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மையம். பணத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லாத இடம். 2020-இல் அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர், ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைத் திருடிக்கொண்டு, குப்பிகளில் உப்புநீரை நிரப்பி வைத்தார். உடலுக்குள் ஊசியைச் செலுத்திக் கருமுட்டையை எடுக்கும் சிகிச்சையின்போது பெண்கள் வலியில் அலறினார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, மருந்தைச் சோதிப்போம் என்று அங்கிருந்த படித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது தளர்ந்திருந்த ஒரு குப்பியின் மூடி. மூடியை நம்பினார்கள். திருடிய நர்ஸுக்கு நான்கு வார இறுதிகள் சிறையும் மூன்று மாத வீட்டுக்காவலும் கிடைத்தன. அலறலைக் கேட்டும் கேளாமல் வேலையைத் தொடர்ந்ததற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. அங்கே எந்தக் கூட்டம் இருந்தது?

"மருத்துவர்களை அடிக்கிறார்களே, அது தெரியவில்லையா?" என்பவர்களுக்கு: தெரிகிறது, அது அயோக்கியத்தனம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அரசு மருத்துவமனைகளை இழிவுபடுத்துகிறேன் என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். ஐயா, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னபோது இதே முகநூலில் பெருமையாக எழுதியவள் நான். பிரசவத்தின்போது ஒரு துணையை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று 2004-லேயே நம் அரசு மருத்துவமனைகளில் திட்டம் வந்துவிட்டது. அதையும் பாராட்டுகிறேன். வாசலில், "அம்மா வெளியே நில்லுங்க" என்று சொல்லும் ஆயாவுக்கு அந்தத் திட்டத்தை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் பாராட்டுவேன். தவிர, என் தங்கையை விரட்டிய இருவருமே தனியார் மருத்துவர்கள், சுளையாகப் பணம் வாங்கியவர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது, "பெண் டாக்டர்கள், பெண் நர்ஸுகள்தானே அதிகம் திட்டுகிறார்கள், பிறகு இதில் ஆண் என்ன பெண் என்ன?" என்ற கேள்வி. உண்மைதான், அவர்கள்தான் திட்டுகிறார்கள். "புருஷன்கிட்ட போறப்ப இனிச்சுதுல்ல, இப்ப என்ன கத்தல்?" என்ற வசனத்தைப் பிரசவ வார்டில் கேட்டதில்லை என்று சொல்லக்கூடிய பெண்கள் கை தூக்கட்டும். 1853-இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்தில் வலி தெரியாமலிருக்கக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரசவம் முடிந்து எனக்குத் தையல் போட்டபோது மரப்பு ஊசி வேலை செய்யவில்லை. "மரத்துப்போகலை சிஸ்டர், தெரியுது" என்றேன். "போட்டாச்சு, சும்மா ஆட்டாதே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிறகு குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, எவ்வளவு பதமாக என் பக்கத்தில் வைத்தார் என்பது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் ஊசி உள்ளே போவதும், நூல் சதைக்குள் இழுபடுவதும் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்ததும் என் மாமியார் உறவினர்களிடம், "எங்க மருமக ஒரு சத்தம் போடலையே" என்று பூரித்துப்போனார். அந்தப் பாராட்டை இப்போதும் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சத்தம் போட்டால் நடிப்பு, போடாவிட்டால் பொறுமைசாலி. இரண்டிலும் மருந்து கிடையாது. இதில் நாங்கள் எதைத்தான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

ஆண்களின் வலியையும் அலட்சியம் செய்கிறார்கள் என்பவர்கள் அதைத் தனியாக எழுதுங்கள், நானே பகிர்கிறேன். இந்தப் பதிவுக்குக் கீழே வந்துதான் அதை நினைவுகூர வேண்டும் என்பதில்லை.

அந்த மருத்துவர் பதிவை நீக்க வேண்டும் என்றோ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். தையல் போடுவதற்கு முன் ஊசி முனையால் அந்த இடத்தைத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டு, தெரிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுக் காத்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லிவிட்டு வரட்டும், கூட்டத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.