பணம் மட்டும்தான் போகிறதா?
"வெள்ளைக் காலர் குற்றங்களில் யாருக்கும் உடம்பில் காயம் படுவதில்லை, பணம் மட்டும்தான் போகிறது" என்று, பதவியையும் நம்பிக்கையையும் வைத்துச் செய்யும் பண மோசடிகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் வரும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. 1990-களில் தமிழ்நாட்டில், வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் டெபாசிட் வாங்கிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கைவிரித்த காலத்தைப் பார்த்தவன் நான். என் பெரியப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் அப்படி ஒன்றில்தான் போட்டிருந்தார். ஒருநாள் காலை போனால் ஷட்டரில் பூட்டு. வாசலில் ரசீதும் கையுமாக ஐம்பது அறுபது பேர். அதற்கப்புறமும் மாதக்கணக்கில், வட்டி தரும் தேதி வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது பெரியம்மாவுக்கே பிறகுதான் தெரிந்தது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "பேராசைக்காரர்களுக்கு வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறார். மாத வட்டியில் மளிகைப் பாக்கி அடைத்தவரிடம் என்ன பேராசை? 1997-இல் வந்த டான்பிட் (தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்பு) சட்டம் மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துத் தர வழி செய்தது. 10 ஆண்டு வரை சிறையும் உண்டு. சரி, வழக்கு முடிய எத்தனை வருடம்? முதல் தவணை வந்தபோது பெரியப்பா இல்லை. வாரிசுச் சான்றிதழோடு போய்ப் பெரியம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.