டி கோல் 1968-இல் பதவியை விட்டு ஓடவில்லை

1968 மே மாணவர் போராட்டத்தில் பிரெஞ்சு அதிபர் ஜெனரல் சார்லஸ் டி கோல் பதவியை விட்டு ஓடிவிட்டார் என்றொரு பதிவு சுற்றுகிறது. அது தவறு.

மே 29 அன்று, பிரதமர் பொம்பிதுவிடம்கூடச் சொல்லாமல், மேற்கு ஜெர்மனியின் பாடன்-பாடனில் இருந்த பிரெஞ்சுத் தளபதி மஸ்யூவைப் பார்க்க அவர் பறந்தது உண்மை. வதந்திக்கு வேர் அதுதான். ஆனால் மறுநாளே பாரிஸ் திரும்பி, வானொலியில் பேசி, நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூன் தேர்தலில் அவரது அணிக்குப் பெரும் வெற்றி! இதைத்தான் அந்தப் பதிவு அடியோடு மறைக்கிறது.

அவர் விலகியது 1969 ஏப்ரல் 28 அன்று. செனட் சீர்திருத்தம், மண்டல நிர்வாகம் குறித்த பொதுவாக்கெடுப்பு முந்தைய நாள் தோற்றது. தோற்றால் பதவியில் நீடிக்கமாட்டேன் என முன்பே அறிவித்திருந்தார். முடிவு தெரிந்த நள்ளிரவிலேயே சொன்னபடி செய்தார்.