அரசருக்கு ஓய்வு வயது எதற்கு?

எழுபத்தைந்து வயதானால் அரசர்களும் ஓய்வுபெற வேண்டும் என்று நம் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பி அடித்துப் பேசினார். தோட்டத்தில் அறுபதில் கணக்கை முடித்து அனுப்புகிறார்களே, அரண்மனைக்கு மட்டும் தனி நியாயமா என்று கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து செம்பனைக் குலை அறுக்கிறவருக்கு அறுபதில் ஓய்வு தேவைதான். அரசரின் வேலை தோள்பலத்தில் நடப்பதன்று.

கெடாக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நம் மறைந்த சுல்தான் அப்துல் ஹாலிம் 2011 டிசம்பரில் இரண்டாம் முறை மலேசியாவின் மாமன்னரானபோது அவருக்கு வயது 84. மாநில ஆட்சியாளர்கள் முறைவைத்து ஐந்தாண்டுக்கு வகிக்கும் பதவி அது. ஐந்தாண்டுத் தவணையையும் முழுமையாக முடித்தார். தம்பியின் சட்டம் அன்று இருந்திருந்தால் அவர் பெயரே பரிசீலனைக்கு வந்திருக்காது.

நம் அரசியலமைப்பு இதில் விவரமாகவே இருக்கிறது. வயதுக்கு வராதவர் மாமன்னராக முடியாது. ஆனால் மேல் வயது வரம்பு எதுவும் இல்லை. உடலோ மனமோ தளர்ந்திருக்கிறது என்று மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சியாளர் மன்றத்தில் குறைந்தது ஐந்து பேர் ரகசிய வாக்களித்தால் ஒருவரைத் தவிர்த்துவிடலாம். பார்க்க வேண்டியது தெம்பைத்தான், பிறந்த தேதியை அன்று.

தெம்பு கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தபோது, மாமன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தனித்தனியாக அழைத்து, யாருக்கு ஆதரவு என்று இரண்டு நாள் விசாரித்தாரே! அது சும்மா அலங்காரப் பதவிக்குரிய வேலையா? அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், பகாங்கின் முறை வரும் நேரத்தில், 88 வயது சுல்தான் அகமது ஷா உடல்நலமின்றி இருந்தார். அவர் விலகி மகன் அப்துல்லா அரியணை ஏறி மாமன்னரானதால்தான் அந்த இரண்டு நாள் வேலையைச் செய்ய அறுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார்.

நார்வே மன்னர் ஹரால்ட் இன்னொரு வழியைக் காட்டினார். 2024இல் நம் லங்காவிக்கு வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டார். இங்கேயே தற்காலிக இதயமுடுக்கி பொருத்தித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 87 வயது. எடுத்த உறுதிமொழி ஆயுளுக்கும் என்று சொல்லி முடியை விடவில்லை. ஏப்ரலில் வேலைகளை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டார்.

எனக்கு அரசரின் முதுமையைப் பற்றிப் பயமில்லை, சுற்றியிருப்பவர்களைப் பற்றித்தான் பயம். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக் கோயிலில், வரவு செலவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைத் தலைவரின் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டிய நிலை. ஆனாலும் திருவிழாவுக்குத் திருவிழா மாலை அவருக்குத்தான். விலகுங்கள் ஐயா என்று ஒருவரும் சொல்லவில்லை. செயலவைக்கு அது வசதியாக இருந்தது, வேறென்ன?

விலக விரும்பினாலும் வழியில்லாமல் போவது இதன் மறுபக்கம். ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ தம் தளர்ச்சியைப் பற்றி 2016இல் மக்களிடம் வெளிப்படையாகப் பேசினார். பதவி விலகச் சட்டத்தில் இடமில்லாததால் அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில்தான் விலக முடிந்தது.

ஆகவே தம்பி, வயது வரம்பெல்லாம் வேண்டாம். மருத்துவர் அறிக்கை அரண்மனை அதிகாரிகளின் மேசையோடு நின்றுவிடாமல் ஆட்சியாளர் மன்றத்துக்கு நேராகப் போக வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.