ட்ரியர் போகிறவர்கள் கல்லில் உள்ள குழிகளைப் பாருங்கள்

ஜெர்மனியின் ட்ரியர் நகருக்குப் போகிறவர்களில் பலர் போர்ட்டா நிக்ரா என்ற ரோமானியக் கோட்டைவாசல் முன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நேராகக் கடைவீதிக்குள் போய்விடுகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வாசலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சுவரை ஒட்டி நின்று கல்லும் கல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். சாந்தே கிடையாது. கி.பி. 170 வாக்கில் ரோமானியர்கள் மணற்கல் பாளங்களை அடுக்கி, பக்கத்துக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, கவ்வி அசையாமலிருக்க ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். மூட்டுகளின் ஓரமாகக் குழிகள் தெரியும். பார்த்தால் குண்டு துளைத்த தடம் போலிருக்கும். உண்மையில் இடைக்காலத்தில் அந்த உலோகத்துக்காகத் தோண்டியவை. கவ்விகளைப் பறிகொடுத்த பிறகும் வாசல் நிற்கிறது, கல்லின் சொந்த எடையால்.

அரைத்தூண்களைச் சாய்வெயில் படும்போது பாருங்கள். பல இடங்களில் கரடுமுரடாகவே இருக்கும். கல்லை ஏற்றிவிட்டுப் பிறகு செதுக்குவது ரோமானியர் வழக்கம். இங்கே அந்தக் கடைசி வேலை முடியவேயில்லை.

நகரின் மற்ற கோட்டைவாசல்களின் கல் வேறு கட்டடங்களுக்குப் போனபோது இது தப்பியதற்குக் காரணம் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி. இதற்குள் தங்கித் தவமிருந்து 1035இல் இறந்தார், வாசலையே தேவாலயமாக்கினார்கள். 1804இல் நெப்போலியன் அந்தத் தேவாலயப் பகுதியை மட்டும் அகற்ற உத்தரவிட்டார். எட்டு நூற்றாண்டு வரலாற்றைப் பெயர்த்தெடுத்தது பெரிய இழப்பு என்பேன். கிழக்குப் பக்கம் 12ஆம் நூற்றாண்டின் அரைவட்டக் கருவறைப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை ரோமானியக் கட்டுமானம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து கான்ஸ்டன்டைன் பசிலிக்கா, ரோமானியப் பேரரசரின் அரசவை மண்டபம். 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. வெறும் செங்கல்தான் ரோமானிய அழகு என்று தோன்றும். அந்த வெறும் தோற்றம், 1944 குண்டுவீச்சில் கட்டடம் எரிந்த பின் புதுப்பித்தவர்கள் எடுத்த முடிவு. ரோமானியர் காலத்தில் உள்ளே பளிங்கு, வெளியே பூச்சு. வெளிச்சன்னல் வளைவுகளில் பழைய பூச்சு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, அண்ணாந்து தேடுங்கள். இப்போது இது தேவாலயம் என்பதால் வழிபாட்டு நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள்; நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கைசர்தெர்மன் குளியல் மாளிகையின் நிலவறைப் பாதைகளில் ஈரம் இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். அது குளியலுக்காகத் தொடங்கி, அப்படி முடிக்கப்படாமலே நின்றுபோன கட்டடம். சூடான நீர்த்தொட்டியைத் தேடி அலைய வேண்டாம்.

கடைசியாக மோசெல் ஆற்றுப் பாலம். மேலே நடந்தால் ஒன்றும் புரியாது, கரைக்கு இறங்குங்கள். கருத்த கல் தூண்கள் 2ஆம் நூற்றாண்டு, வளைவுகள் 18ஆம் நூற்றாண்டு. ஆறு பெருகினால் தூணின் அடிப்பகுதி மறைந்துவிடும், கோடைதான் நல்லது.